இடதுகரையில் ஒலிச்சோதனை

கணினிக்கு இரண்டு காதுதான் தெரியும்.
இடது. வலது.
முத்தையன்கட்டு இடதுகரைக்குக் கொண்டுவந்த பிறகும்
அதே பிடிவாதம்.

சங்கத்தின் பழைய நெற்களஞ்சியம்.
சுவரோரம் எட்டு ஒலிபெருக்கிகள்:
நாலு அமலதாசின் வாடகைச் சாமான்,
இரண்டு மாதா கோயிலுடையவை,
மிச்ச இரண்டும் பிள்ளையார் கோயில் திருவிழா முடிந்த கையோடு
கற்பூர மணம் ஆறாமல் வந்தவை.
எல்லாவற்றின் நெற்றியிலும்
வெண்கட்டியால் இலக்கம் எழுதினேன்.

திரையில் பெட்டிகள்,
பெட்டிக்குப் பெட்டி நூல்.
மேலே இரைச்சல் பிறக்கும் பெட்டி,
நடுவில் அதை அடக்கும் பெருக்கல் குறி,
கீழே வெளியே போகிற வாசல்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுவரை தட்டினேன்.
எட்டு வாசலும் வரிசையாய் முளைத்தன.
ஆறாவதுக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டினேன்.

ஆறு ஊமை.

"வயர் சரி," என்றான் அமலதாஸ்.
"என்ர வயர் ஒருநாளும் பிழைக்காது."
நூலை அறுத்துக் கட்டினேன். ஊமை.
பெருக்கலைக் கூட்டினேன். ஊமை.
ஜெனரேற்றர் மட்டும் வெளியே
கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது.

அமைப்புப் பட்டியலைத் திறந்தால்
ஒலியட்டையின் பெயருக்குக் கீழே
சின்னதாய்க் கிடக்கிறது குற்றம்:
வெளியீட்டுத் தடங்கள், இரண்டு.
நான் கீறியது வாசலின் படம்.
சுவரை வெட்டுகிற இடம் இது.
இரண்டை அழித்தேன். எட்டு.
பிறகு ஒலியை ஒருதரம் அணைத்து
எழுப்பவும் வேண்டுமாம்.
அது தெரியாமல் இன்னும் அரைமணி நேரம்
ஆறையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அணைத்து எழுப்பினேன்.
ஒன்றில் தொடங்கி எட்டுவரை
இரைச்சல் சுவரைச் சுற்றி வரட்டும் என்று
ஓர் எண்ணியையும் கொழுவினேன்.

தகரக் கூரை சிலிர்த்தது.
வெளியே யாரோ கத்தினார்கள்.

தார் றோட்டில் சிறுபோக நெல்
அரைக் கட்டை தூரத்துக்குக் காய்கிறது.
யோகமலர் படங்கை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்,
பாதி அழிந்த நிறுவன எழுத்துகளோடு ஒரு நீலப் படங்கு.
பின்னால் மகன் சாக்கோடு,
எதிர்ப்பக்கம் இரண்டு பேர் விளக்குமாற்றோடு.
ஆவணி வெயில்.
ஒரு முகிலும் இல்லை.
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவும் இல்லை.

நிறுத்தினேன்.
அவள் வந்து வாசலில் நின்றாள்,
பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"உது மழையே?"

மன்னிப்புக் கேட்டேன்.
போவாள் என்றுதான் நினைத்தேன்.
"இன்னொருக்காப் போடும்."
உமி ஒட்டிய காலோடு நடுவில் நின்று
கண்ணை மூடினாள்.

"மழை நடந்து வரும்.
உது பாயுது.
உங்கால போய், திரும்பி இஞ்சால வந்து, பிறகும் உங்கால.
மழைக்கு வெறியே?"

கையை நீட்டிக் காட்டிய இடத்தில்
மூன்றும் நாலும்.
வெண்கட்டி சரி. நூல் சரி.
மாதா கோயில் பெருக்கியின் பின்பக்கம்
இரண்டு முனைகள் இடம் மாறிச் செருகியிருந்தன.
அமலதாஸ் ஒன்றும் பேசாமல் ஏணியைத் தூக்கினான்.
வேண்டாம், என்றேன்.
வாசல் பெட்டிக்குள் எழுதினேன்:
ஒன்று, இரண்டு, நாலு, மூன்று, ஐந்து...

இப்போது நடந்தது.
ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.
"உந்தச் சுவரில தொடங்கப்படாது.
குளத்துப் பக்கத்தால வந்தாத்தான் எங்கட மழை."
ஐந்தை முதலாவதாக்கினேன்.
களஞ்சியத்துக்குள் ஒரு மழை
குளத்திலிருந்து எழும்பி
காட்டுப் பக்கம் போய் முடிந்தது.
"ம்," என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

போகும்போது ஒரு நிபந்தனை வைத்தாள்.
அதன்படி ஒவ்வொரு தரமும்
கதவடியில் நின்று கத்தினேன்:
"பொய் மழை!"
றோட்டிலிருந்து பதில் வரும்:
"சரி, போடும்."

மூன்றாம் தரம் கத்திய பிறகும்
யாரோ ஒருவர் குனிந்து
படங்கின் மூலையில்
ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.